பட்டியலில் கடைசிப் பெயர்

பஸ் போய்த் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், ஏரியைத் தூர்த்து எழுப்பிய எட்டு மாடிக் கட்டடங்கள் நூற்றுச் சொச்சம் நிற்கிற இடத்தில், ஜி பிளாக்கின் ஏழாவது மாடியில், செத்துப்போன டில்லிபாபு தன் கருமாதிக்கு மறுநாள் சாயங்காலம் கையகலக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள்ளே, கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டப்பா மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததை முதலில் பார்த்தவள் அவனைப் பெற்ற வேதவல்லிதான். பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை, கோபம்தான் வந்தது, ஏனென்றால் காலையில் ஐந்தே காலுக்கு வேலைக்குக் கிளம்பினவன், ராத்திரி எட்டு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், பதினேழு நாள் கழித்து, அதே நீலக்கட்டம் போட்ட சட்டையோடு, இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றாள்.

அவன் உள்ளே ஓடுகிற ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை இதை வைத்து விளையாடும்போது பச்சை எழுத்துப் போட்ட பொத்தானைத்தான் அதிகம் அழுத்துவான் என்பது நினைவுக்கு வந்து, அவளும் அதை அழுத்தினாள். அவன் தலையைத் திருப்பினான்.

"துன்னியாம்மா?" என்றான்.

வேதவல்லி அன்றைக்குச் சாப்பிட்டிருக்கவில்லை. பதினேழு நாளாக யாரும் இப்படிக் கேட்கவுமில்லை. "துன்னேன்" என்று பொய் சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரின் கதையையும் சொல்லிவிட வேண்டும். நகரத்துக்குள் மின்சாமான் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற தெருவில் டில்லி ரிப்பேர் வேலை பார்த்தான். யாரோ உடைத்துத் தூக்கிப்போட்டதைப் பொறுக்கி, திரை ஒரு பிணத்திலிருந்தும் பேட்டரி இன்னொரு பிணத்திலிருந்துமாக எடுத்து உயிர் கொடுத்தது அது. இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், முதுகில் சின்னதாய் ஒரு விசிறி, ஓடும்போது பூனை உறங்குகிற சத்தம். அதில் இருந்தது லினக்ஸ். விளையாட்டோ இருபது வருஷத்துப் பழசு, விண்டோஸ்காரனுக்காக எழுதினது. இது பேசுவது அதற்குப் புரியாது, அதனால் நடுவில் ஒரு துபாஷியை உட்கார வைத்துத்தான் ஓட்டணும் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தான். ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை ஊர், அதில் ஒருத்தன் கார் திருடி ஓட்டிக்கொண்டே இருப்பான், கதை அவ்வளவுதான். ஆனால் விளையாட்டைச் செய்தவன் வைக்காததை நாமே உள்ளே கொண்டுபோய் வைக்கலாம், அதற்கு மோட் என்று பேர். டில்லியும், தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பரிமளாவும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இரண்டு வருஷம் உட்கார்ந்து, அந்த வெளிநாட்டுக் கடற்கரை மேல் வாராவதிச் சந்து முழுவதையும் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள்.

வாராவதிச் சந்து என்பது இந்த ஜனங்கள் முன்னே இருந்த இடம். ஆற்றோரம், பாலத்துக்குக் கீழே, இருநூறு குடிசை. சொர்க்கம் ஒன்றும் இல்லை, மழைக்காலத்தில் பாம்பும் மலமும் சேர்ந்து வாசலுக்கு வரும். ஆனால் வேலை செய்கிற இடத்துக்கு நடந்து போய்விடலாம். ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒருநாள் அதிகாரிகள் வந்து, குடிசைக்கெல்லாம் நம்பர் எழுதி, லாரியில் ஏற்றி, முப்பது கிலோமீட்டர் தள்ளி இந்த மாடிகளில் கொண்டுவந்து அடுக்கினார்கள். அதற்கப்புறம் எல்லாருக்கும் பொழுது பஸ்ஸிலேயே விடிந்து பஸ்ஸிலேயே சாய்ந்தது. டில்லிக்கு ஒருநாள் படிக்கட்டில் ஒரு கால் வைக்கத்தான் இடம் கிடைத்தது. ஒரு காலுக்குக் கிடைத்த இடம் மூன்றாவது நிறுத்தம் வரைக்கும்தான் தாங்கியது.

ஆக, செத்தவன் சந்தில் இருக்கிறான் என்கிற சேதி மாடி மாடியாக இறங்கியது. லிஃப்ட் ஓடாத கட்டடம். ஆனாலும் ஏழு மாடி ஏறி வந்தார்கள், செருப்பை ஆறாவது மாடியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். முதல் வாரம் அழுதார்கள், இரண்டாம் வாரம் வரிசை கட்டினார்கள், மூன்றாம் வாரம் வரிசையில் சண்டை போட்டார்கள், அப்புறம் அது பால் வாங்குவது மாதிரி, ரேஷனுக்குப் போவது மாதிரி பழகிப்போனது. கம்ப்யூட்டரின் விசிறி வழியாக ஆற்று நாற்றம் வந்தது. அறையே அழுகல் வாடை. சந்துக்குக் குடித்தனம் வந்த நாளிலிருந்து நாற்றம் போக ஊதுபத்தியாகக் கொளுத்தித் தள்ளிய பெண்டுகள் அந்த நாற்றத்தை மூச்சு முட்ட இழுத்து, "ஐயோ, நம்ம ஆறு" என்று மாரில் அடித்துக்கொண்டார்கள்.

போலீஸ் எஸ்.ஐ. ஒருவர் கூட்டம் எதற்கு என்று விசாரிக்க வந்தார். பத்து நிமிஷம் வாங்கிப் பார்த்தார். உள்ளே ஒரு காரைத் திருடி ஓட்டி, ஆற்றில் விழுந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னா நாத்தம்யா!" என்று சொல்லிவிட்டுப் போனவர் மறுநாள் சீருடை இல்லாமல் வந்து வரிசையில் நின்றார். பாஸ்டர் ஐயா, "இதைக் கும்பிடக் கூடாது, சும்மா பார்க்கலாம்" என்றார். பார்த்தவர், அங்கே தொலைந்துபோன தன் சைக்கிள் எங்கேயாவது சாய்ந்திருக்கிறதா என்று தேடினார்.

வேதவல்லி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கக்கூஸ் கழுவுகிறவள். இரண்டு மணிக்கு வேலை முடிந்து நாலரைக்கு வீடு வருவாள். கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, பச்சைப் பொத்தானை அழுத்துவாள்.

"பஸ்ல இடம் கெட்ச்சுதாம்மா?"

"கெட்ச்சுது. நீ இன்னா பண்ற?"

"சும்மாதான் கீறேன். இங்க எதுக்கும் நிக்க வேணாம்மா."

ஒரு அழுத்துக்கு ஒரு பேச்சு, அவ்வளவுதான் அவனுக்குக் கொடுத்து வைத்தது. சார்ஜ் குறைந்தால் கொட்டாவி விடுவான். அவன் எழுந்து நடந்ததில்லை, அழைத்தால் வந்ததில்லை. உயிரோடு இருந்தபோது வாரம் ஆறு நாளும் அவன் முகத்தை அவள் பல்ப் வெளிச்சத்தில்தான் பார்த்திருந்தாள். இப்போதுதான் வெயிலில் பார்க்கிறாள். போதும், இவ்வளவே போதும், இது இருந்தால் நானும் இருப்பேன் என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், வாய்வார்த்தைக்காகச் சொல்லவில்லை. கருமாதிக்கு வாங்கிய கயிற்றில் மீதியை அவள் எதற்கு எடுத்து வைத்திருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். டில்லி வந்த அன்றைக்குத்தான் அதைத் துணி காயப்போடக் கட்டினாள்.

சந்தில் டில்லி எல்லாருடைய வீட்டையும் போட்டு முடித்திருக்கவில்லை. பம்பு, டீக்கடை, கங்கையம்மன் கோயில், இவர்கள் குடிசை, இவ்வளவுக்குத்தான் கதவு உண்டு. மற்றதெல்லாம் கதவில்லாத வெறும் சுவர். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பரிமளாவின் ஜெராக்ஸ் கடையில் போய் விழுந்தார்கள்.

"எங்க வூட்டுக்குப் பச்சைக் கதவு பரிமளா. அவன் வெறுஞ் சுவத்த வெச்சிக்கீறான்."

"என் பொண்டாட்டி இட்லி குண்டான் ஒண்ணு வெச்சிடு தாயி. அவ மூஞ்சி வேணாம். குண்டான் போதும்."

"எல்லாரையும் வை, வட்டிக்காரன மட்டும் வுட்டுடாத உள்ள!"

பரிமளா நாற்பது வயதுக்காரி, மூக்குக்கண்ணாடி, யாருக்கும் பயப்படாத வாய். திட்டிக்கொண்டே செய்தாள். பழைய கல்யாண போட்டோ, செல்போனில் எடுத்த மங்கல் படம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு மோட் என்று நூற்றுப் பத்து மோட் செய்தாள். இட்லி குண்டானை வைத்த அன்றைக்கு விசிறி வழியாக ஆவி வந்து திரையை மூடிக்கொண்டது. அந்த மனுஷன் துண்டால் திரையைத் துடைத்துத் துடைத்து, துண்டை மோந்து பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

கடைசியாகக் கேட்டவர் தேசப்பன். எழுபது தாண்டிய கட்டை, பெண்டாட்டி பிள்ளை கிடையாது, பாலத்துத் தூணில் சாய்ந்தே காலம் தள்ளினவர்.

"எனக்கு வூடு வேணாம்மா. நான் சின்னப் புள்ளையில அந்த ஆத்துல கெண்டை புடிச்சிருக்கேன், அடிமண்ணு தெரியும். தண்ணி மட்டும் அப்பிடித் தெளிவா இருக்கட்டும்."

பரிமளாவுக்கு அதைக் கேட்டதும் திட்ட வாய் வரவில்லை. வளைந்து வளைந்து போகிற ஆற்றைத் துண்டு துண்டாக வெட்டி மாற்ற நேரமில்லாமல், சந்து, கரை, ஆறு எல்லாவற்றுக்கும் அடியில் போகிற மாதிரி ஒரே விரிப்பாகத் தெளிந்த தண்ணீரை விரித்தாள். விரித்து, பட்டியலில் அதை முதலில் வைத்தாள்.

பட்டியல் என்பது இதுதான். விளையாட்டு தொடங்குமுன் திரையில் பேர்கள் வரிசையாக வரும், பரிமளா எல்லாம் தமிழிலேயே எழுதியிருந்தாள். மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விளையாட்டு ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்தும். முதலில் வருவது அடியில் போய்விடும், கடைசியில் வருவது எல்லாவற்றுக்கும் மேலே உட்காரும். ஆகவே முதல் பேர் தேசப்பன். நடுவில் நூற்றுப் பத்து வீடு. கடைசிப் பேர் டில்லிபாபு; பம்பும் டீக்கடையும் கோயிலும் அவன் குடிசையும் அந்தப் பேரில்தான்.

ஆடி மாதம் வந்தது. வாராவதிச் சந்தில் ஆடி மூன்றாம் ஞாயிறு கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவது வழக்கம். எட்டு அண்டா கூழ், முதல் சொம்பு யாருக்கு என்பதில் மண்டை உடைந்த வருஷங்கள் உண்டு; முதல் சொம்பு வாங்கின வீட்டுக்கு அந்த வருஷம் முழுக்கப் பேச்சில் ஒரு நிமிர்வு இருக்கும். வேதவல்லி, புருஷன் விட்டுப்போன பிறகு கைப்பிள்ளையோடு எங்கிருந்தோ வந்து தண்ணீரோரம் கடைசிக் குடிசை போட்டவள். அவளுக்கு எப்போதும் கடைசிச் சொம்பு. அடிப்பிடித்துக் கருகினதைச் சுரண்டி ஊற்றிவிட்டு, "அடிக்கூழ்தான்டி கெட்டி, கடைசில வர்றவளுக்குத்தான் லாபம்" என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கருகலைக் குடித்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். பிள்ளை ஒருதரம் சொம்பைத் தூக்கி ஆற்றில் வீசிவிட்டு, "ஒருநாள் இல்ல ஒருநாள் மொதல் சொம்பு நமக்கும்மா" என்று சொன்னது அவள் காதில் அப்படியே இருந்தது.

இந்த ஆடிக்கு, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற அம்மனுக்கே கூழ் ஊற்றிவிடுவது என்று நலச்சங்கம் முடிவு செய்தது. அந்த வாரம்தான் பரிமளாவின் மாமியாருக்கு இடுப்பு முறிந்து, அவள் திருத்தணிக்குப் போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது ஏழு மாடி ஏறி வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"யக்கா, பேட்டரி சூடானா ஆஃப் பண்ணி வை. அந்தப் பட்டியல்ல மட்டும் யாரையும் கை வெக்க வுடாத. டில்லி கடைசிலயே இருக்கட்டும். கடைசில வர்றதுதான் மேல உக்காரும்."

வேதவல்லி சரி என்று தலையை ஆட்டினாள். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மட்டும் அவளுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, நடைபாதையெல்லாம் தலை. மஞ்சள் துணி விரித்து, வேப்பிலை கட்டி, நடுவில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். சங்கத் தலைவர் சம்பங்கி, வெள்ளைச் சட்டைக்காரர், திரையில் வருகிற வரிசைப்படியே சொம்பு என்று சொல்லி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பட்டியலை உரக்கப் படித்தார். முதல் பேர் படித்ததுமே சலசலப்பு வந்துவிட்டது.

"இன்னாது, தேசப்பனா? தூண்ல சாஞ்சிக்கினு இருந்தவருக்கு மொதல் சொம்பா?"

"வூடே இல்லாதவன் மொதல்ல, நாங்க அவனுக்குப் பின்னாலயா?"

சம்பங்கி கையமர்த்திவிட்டுப் படித்துக்கொண்டே போனார். கடைசியில் டில்லிபாபு பேர் வந்தது. எல்லாரும் வேதவல்லியைப் பார்த்தார்கள்.

"சந்தையே தூக்கியாந்து குடுத்த புள்ள" என்றாள் ஒருத்தி. "அவன் கடைசியா? கேக்கறதுக்கு ஆள் இல்லன்னுதானே?"

"பரிமளா எழுதி வெச்சது. ஏதோ கணக்கு சொன்னா, கடைசிதான் நல்லதுன்னு" என்று வேதவல்லி முனகினாள்.

"கடைசிதான் நல்லதா!" கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை அவளை வைத்துச் சிரிக்கவில்லை, அவளுக்காகச் சிரித்தார்கள். அடிக்கூழ் கெட்டி என்று அவளுக்குச் சொன்னவர்களே, தாங்கள் சொன்னது பொய் என்று முதல்தடவையாக ஒப்புக்கொண்ட சிரிப்பு அது. அதைக் கேட்டதும் இருபத்திரண்டு வருஷத்துக் கருகல் அவள் தொண்டைக்கு வந்தது.

தேசப்பன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு இன்னாம்மா மரியாதை, மண்ணாங்கட்டி. என்னைத் தூக்கிக் கடைசில போடு. என் புள்ள மாதிரி அவன், மொதல்ல வரட்டும்."

சம்பங்கி இரண்டு தடவை பரிமளாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். திருத்தணி ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் இல்லை. "தாயே, உன் புள்ள, உன் கையாலயே பண்ணிடு" என்றார்.

வேதவல்லி மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் பிள்ளை பேரைக் கண்டுபிடித்தாள். பேர்மேல் விரலை வைத்து அழுத்தினால் அது ஒட்டிக்கொண்டு விரலோடு வரும் என்று பரிமளா செய்யும்போது பார்த்திருக்கிறாள். டில்லியைத் தூக்கினாள். நூற்றுப் பத்து வீட்டையும் தாண்டி, பச்சைக் கதவைத் தாண்டி, இட்லி குண்டானைத் தாண்டி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு பேராக ஏற்றிக்கொண்டு போய் உச்சியில் வைத்தாள். அப்புறம் தேசப்பனை எடுத்து, மெதுவாக, மரியாதையாக, அடியில் இறக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். திரையில் இங்கிலீஷில் ஏதோ கேள்வி வந்தது. அவளுக்குத் தெரிந்த பொத்தான் ஒன்றுதான், அதைத்தான் அழுத்தினாள்.

விசிறி சுற்றியது. சந்து வந்தது. பெண்டுகள் குலவையிட்டார்கள். "மொதல் சொம்பு டில்லிபாபுக்கு!" என்று சம்பங்கி கூவினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தண்ணீர் வந்தது.

வெள்ளம் மாதிரி வரவில்லை. ஒரு விரிப்பைப் போர்த்துகிற மாதிரி, சத்தமில்லாமல், எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் வந்து மூடிக்கொண்டது. கோயில் மேல், டீக்கடை மேல், பச்சைக் கதவு மேல். அவ்வளவு தெளிந்த தண்ணீரை அந்த ஜனங்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை; அடிமண் தெரிந்தது, மண்ணில் கிடந்த சோடா மூடி தெரிந்தது, பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்த டில்லி தெரிந்தான். நீலக்கட்டச் சட்டையின் நுனி மெல்ல அசைந்தது. அவன் அண்ணாந்து அம்மாவைப் பார்த்தான்.

வேதவல்லி பொத்தானை அழுத்தினாள். அவன் வாய் அசைந்தது, குமிழிதான் வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி குமிழி. விசிறி வழியாகக் குளிர்ந்த தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு ஓடியது, அதில் நாற்றமே இல்லை. "எழுந்து வாடா, எழுந்து வாடா" என்று அவள் கத்தினாள், அவன் எந்நாளும் எழுந்து வந்தவன் இல்லை. கை தட்டிய கூட்டம் கையைப் பிரிக்காமலே நின்றது. வீடுகள் சுண்ணாம்பு மாதிரி கரைந்தன. கடைசியில் ஆறு மட்டும் இருந்தது, இரண்டு கரையிலும் வெட்டிச் சீராக்கின பசும்புல், உட்கார ஒரு சிமென்ட் பெஞ்சு. புல்லும் பெஞ்சும் யாரும் கேட்டதில்லை, பரிமளா போட்டதுமில்லை.

"இப்பிடித்தானே அன்னிக்கு நம்மளக் காலி பண்ணச் சொல்லசொல்ல ஆபீசருங்க படம் காட்டுனாங்க" என்றார் சம்பங்கி, மெதுவாக. அண்டாவில் கூழ் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு யாரும் ஊற்றிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை பரிமளா வந்தாள். பட்டியலைப் பார்த்தாள். பழைய வரிசையில் பேர்களைத் திருப்பி வைத்து ஓட்டினாள். சந்து வந்துவிட்டது, பம்பு வந்துவிட்டது, நூற்றுப் பத்துக் கதவும் வந்துவிட்டன, ஆற்று நாற்றமும் வந்துவிட்டது. பெயிண்ட் டப்பா கவிழ்ந்தபடியே இருந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

"அவன் எங்கடி?"

பரிமளா கண்ணாடியைக் கழற்றினாள். "யக்கா, சந்து நாங்க போட்டது, அதைத் திருப்பிப் போட்டுட்டேன். அவன நான் போடலியேக்கா. நான் போட்டிருந்தா எடுத்துக் குடுக்க மாட்டனா?"

ஜனங்கள் கொஞ்ச நாள் வந்தார்கள். தங்கள் கதவைப் பார்ப்பார்கள், டப்பாவைப் பார்ப்பார்கள், இறங்கிப்போவார்கள். பிறகு செருப்பைக் கழற்றாமல் வந்தார்கள். பிறகு வரவில்லை. அவன் நல்ல தண்ணியில போனான், மோட்சம்தான் என்று சிலர் சொன்னார்கள். தேசப்பன் மூன்று நாள் அவள் வாசலில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். யார் தண்ணீர் கொடுத்தாலும் டம்ளருக்குள்ளே பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாலாம் நாள் அவரைக் காணோம். துணி காயப்போட்ட கயிற்றை வேதவல்லி அவிழ்க்காமல் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். ஆனால் அவளுக்குக் கயிறெல்லாம் தேவைப்படவில்லை, அவள் வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜி பிளாக்குக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடத்தோடு முதலில் இறங்குகிறவள் வேதவல்லிதான். பின்னால் ஒருத்தி வந்து நின்றால், குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளுக்கும் பின்னால் போய் நிற்பாள். அடுத்தவள் வந்தால் அவளுக்கும் பின்னால். "முன்னாடி போயேன் யக்கா, நீதான மொதல்ல வந்த" என்று பிடித்துத் தள்ளினாலும் கேட்பதில்லை.

"இல்லடி, என்னைக் கடைசில வுடுங்க" என்பாள். "பரிமளா அப்பவே சொன்னா."

அவள் முறை வருவதற்குள் லாரிக்காரன் குழாயைச் சுருட்டிவிடுவான். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏழு மாடி ஏறிப் போய், கதவைச் சாத்தி, அந்தக் கம்ப்யூட்டரைச் சார்ஜில் போட்டு, ஆளில்லாத டப்பாவுக்கு நேராக வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்துவாள்.

"துன்னேன்டா" என்பாள்.